ஒரு தட்டு, இரண்டு தட்டு

ஸ்கோர் பலகை எங்கள் தலைக்கு மேலே, முதுகுக்குப் பின்னால் இருந்தது. மைதானத்தில் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்திருந்தால் ஸ்கோர் தெரியாதவர்கள் நாங்கள் இருநூறு பேர் மட்டும்தான்.

ஜார்ஜியாவில் பெல்ஹேவன் என்ற நூற்பாலை ஊர் எங்களுடையது. பேஸ்பால் மைதானத்தில் கறுப்பர்களுக்கு என்று விட்டிருந்தது வலது கோடி மூலை. மட்டை பிடிப்பவர் நிற்கும் இடத்திலிருந்து முந்நூற்றெண்பது அடி. கூரை கிடையாது, குடிநீர்க் குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது. ரயில் பாதைப் பக்கம் தனி வாசல். எங்களுக்கும் பக்கத்து வெள்ளையர் பெஞ்சுக்கும் நடுவே, கோழிக்கூண்டுக்கு அடிப்பார்களே, அந்தக் கம்பி வலை. அத்தனை தூரத்தில் கண்தான் முதலில் பார்க்கும், காதுக்குப் பிறகுதான் எட்டும். மட்டை சுழன்று, பந்து கிளம்பி, அதற்கப்புறம்தான் 'டக்' என்ற ஓசை எங்களிடம் வந்து சேரும்.

வெயில் அந்தப் பலகைகளை வெளுத்து எலும்பு நிறமாக்கியிருந்தது. இந்த நாட்டில் அப்படிப்பட்ட பெஞ்சுகளுக்கு பிளீச்சர், அதாவது வெளுப்பு பெஞ்சு, என்று பெயர் வந்ததே அதனால்தான். எங்கள் வரிசையில் அவித்த வேர்க்கடலை விற்கும் ஒடெஸா அதற்கு ஒரு வியாக்கியானம் வைத்திருந்தார்.

"பலகை வெளுத்துடுச்சு, நாமதான் வெளுக்க மாட்டேங்கிறோம். இன்னும் நாலு வருஷம் ஒக்காந்து பாப்போம். வெளுத்தா முன்வாசல்ல விட்ருவானுங்க."

லூவீனியா பிக்கெட் இதற்குச் சிரிக்க மாட்டார். வெளுப்பது அவர் தொழில். ஊர் லாண்டரியில் பத்தொன்பது வருடமாக கறை மேசையில் நின்றார். துணி இயந்திரத்துக்குப் போகுமுன் கறையை இனம் பிரித்து, மருந்து போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கும் வேலை. ரத்தமா, துருவா, கிரீஸா, ஜார்ஜியாச் செம்மண்ணா என்று இருட்டிலும் விரலால் தொட்டுச் சொல்வார். வந்த ஒவ்வொரு துணிக்கும் எந்த இடத்தில் என்ன கறை என்று சீட்டு எழுதுவதும் அவரே. வாடிக்கையாளர் பிறகு வந்து 'இந்தக் கறை நீங்கள் வைத்தது' என்று சண்டை போடக் கூடாதல்லவா? சீட்டு துணியோடு போகும், கார்பன் நகல் லாண்டரியில் நிற்கும். வருடக் கடைசியில் எரிக்க வேண்டிய நகல்களை அவர் மட்டும் கட்டிக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவார்.

இந்த மனம்தான் பெஞ்சுக்கும் வந்தது. மடியில் அட்டை, அதில் கட்டம் போட்ட தாள், காதில் பென்சில். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குறி. யார் அடித்தார், எங்கே போனது, யார் எடுத்து யாருக்கு எறிந்தார் என எதையும் விடமாட்டார். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. நிற்கிற நிலையைப் பார்த்தே ஆளைச் சொல்வார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் வரிசையில் யாராவது கேட்பார்கள்.

"மிஸ் லூ, எத்தினி?"

"நாலுக்கு மூணு. ஆறாவது சுத்து. ரெண்டு பேர் அவுட்டு. மறுபடி கேக்காத, நானும் ஆட்டம் பாக்கணும்."

அவர் இருந்ததால் எங்களுக்குப் பலகை தேவைப்படவில்லை. பலகைக்குள் உட்கார்ந்து எண் தகடுகளை மாட்டும் கேடோவும் எங்கள் ஆள்தான். அடுப்பு மாதிரிக் கொதிக்கும் அந்தத் தகரக் கூண்டுக்குள் போக எந்த வெள்ளையரும் முன்வரவில்லை. அதனால் அந்த வேலை மட்டும் இன வேறுபாடின்றி அவனுக்குக் கிடைத்தது. எதிர்க்கோடியில், நிழலில், மின்விசிறிக்குக் கீழே பத்திரிகையாளர் கூண்டு. அங்கே டியூபோஸ் என்ற பத்திரிகைக்காரர் அதிகாரபூர்வமாகக் குறிப்பு எழுதுபவர். பந்தை அடித்துவிட்டு ஓடியவர் முதல் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது மட்டை பிடித்தவரின் திறமையாலா, தடுப்பவரின் தவறாலா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. திறமை என்றால் அது 'ஹிட்', அடித்தவர் கணக்கில் சேரும். தவறு என்றால் 'பிழை', தடுத்தவர் தலையில் விழும். அடித்தவர் அவுட் ஆனதற்குச் சமம். டியூபோஸ் தொலைபேசியில் தீர்ப்பைச் சொன்னதும் கேடோ தகடு மாட்டுவான். மாட்டிவிட்டு எங்களுக்காகப் பலகையின் பின்புறம் சுத்தியல் காம்பால் தட்டுவான். ஹிட் என்றால் ஒரு தட்டு. பிழை என்றால் இரண்டு தட்டு.

ஐம்பத்துமூன்றாம் வருடம் மே மாதம் டெல்பர்ட் ஹூக்ஸ் வந்து சேரும் வரை இந்தத் தட்டுகளை யாரும் பெரிதாகக் கவனித்ததில்லை.

எங்கள் ஊர் அணி எடுத்த முதல் கறுப்பு ஆட்டக்காரர் அவர். இருபத்தைந்து வயது, இடது கை மட்டை. அதற்கு முன் பைன் மரத்தில் பால் வடிக்கும் முகாமில் கோடரியோடு நின்றவர். அணியோடு ஹோட்டலில் தங்க விடாததால் ஒடெஸா வீட்டு மாடியறையில் குடியிருந்தார். அணி பந்து தடுக்கும் முறை வந்தால் வலது மூலையில், எங்களுக்கு நேர் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அந்த முதுகைப் பார்ப்பதற்காகவே வழக்கமாக இருநூறு பேர் வரும் இடத்தில் நானூறு பேர் வந்தார்கள்.

முதல் வாரத்திலேயே அது ஆரம்பித்தது. டெல்பர்ட் அடித்த பந்து தரையோடு சீறிப் போகும். தடுப்பவர் பாய்ந்து விழுந்து விரல் நுனியால் தொடுவார், பந்து நழுவும், டெல்பர்ட் தளத்தில் நிற்பார். மேலிருந்து சத்தம் வரும். தட், தட்.

"என்னடா கேடோ, கை நடுங்குதா? ஒண்ணு தட்டு போதும்டா!" என்று ஒடெஸா கத்துவார்.

"போன்ல சொன்னத தட்டுறேன்! எனக்கென்ன தலையெழுத்தா, சேத்துத் தட்ட?"

ஜூன் மாதத்துக்குள் 'ரெண்டு தட்டு' எங்கள் தெருவில் ஒரு சொல்லாகிவிட்டது. மளிகைக் கடையில் எடை குறைந்தால், "ரெண்டு தட்டு வச்சுட்டான்". வாக்காளர் பட்டியலில் பெயர் பதியப் போய்த் திரும்பி வந்தவரிடம் கேட்டால், "அங்கயும் ரெண்டு தட்டுதான்". அதற்கு விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஜூலையில் ஒரு நாள் டெல்பர்ட் ஒடெஸாவின் சமையலறையில் அமர்ந்து, பொரித்த மீனைத் தொடாமலே சொன்னார்: "மிஸ் ஒடெஸா, மேனேஜர் கூப்புட்டாரு. சீசன் முடியறப்போ முந்நூறு இல்லாட்டி அடுத்த வசந்தத்துக்கு வர வேணாம்னுட்டாரு."

ஆயிரம் முறை மட்டை பிடித்தால் முந்நூறு ஹிட் என்ற விகிதம்தான் 'முந்நூறு'. நல்ல ஆட்டக்காரரின் அளவுகோல் அது. எங்கள் அணியில் இருநூற்றறுபதோடு உலாவிய வெள்ளையர் நால்வர் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் அளவுகோலை நீட்டவில்லை. பத்திரிகைக் கணக்கில் டெல்பர்ட் இருநூற்று எழுபதைத் தாண்டவில்லை. தாண்டாவிட்டால் பைன் காடு.

ஞாயிற்றுக்கிழமை போதகர், கடவுள் எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னார். இருக்கலாம். ஆனால் எழுதி வைத்திருந்தது லூவீனியா மட்டுமே.

நான் எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். பெஞ்சில் அவருக்குப் பக்கத்து இடம் எனது. அன்று மாலை அவர் வீட்டு மேசையில் தாள்களைப் பரப்பிக் கூட்டினோம். எங்கள் மைதானத்தில் டெல்பர்டின் பதினொரு ஹிட்கள் பிழையாக மாற்றப்பட்டிருந்தன. அந்தப் பதினொன்றையும் சேர்த்தால் அவர் முந்நூறு.

நான் பென்சிலை மேசையில் எறிந்தேன். "மிஸ் லூ, இத அப்படியே லீக் தலைவருக்கு அனுப்பணும். கறுப்பு மனுஷன் உழைப்பத் திருடுறாங்கன்னு தலைப்புப் போட்டு அனுப்பணும்."

"அனுப்புங்க. அவரு குப்பைக்கூடைய எட்டி இழுத்துக்குவாரு."

"அதுக்காகச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கறேன். ஒங்களுக்கு நியாயம் வேணுமா, ஹிட்டு வேணுமா?"

அவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.

"பிழைன்னு எழுதினா அது அந்தரத்துல நிக்குமா? யார் தலைமேலயாவது ஒக்காரணும். இந்தப் பதினொண்ணும் யார் தலையில ஒக்காந்திருக்கு, பாருங்க."

பார்த்தேன். வெளியூர் அணிகளின் தடுப்பாளர்கள் ஆறு பேர். ஆறு பேரும் வெள்ளையர்கள். அதில் நான்கு பிழைகள் வெய்ன் கல்பெப்பர் என்ற ஷார்ட்ஸ்டாப்பின் தலையில். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்கும் அவர், மேல் லீக் ஒன்று தன்னை வாங்குமா என்று காத்திருந்தவர். டியூபோஸ் ஒரு கறுப்பரிடமிருந்து பறித்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெள்ளையர் சட்டைப்பையில் வைத்திருந்தார். பாரபட்சத்துக்கும் கூட்டல் கழித்தல் உண்டு என்பதை அந்த மனிதர் மறந்துவிட்டார்.

"சரி, முந்நூத்தியெம்பது அடி தூரத்துலேருந்து என்ன தெரிஞ்சதுன்னு கேப்பாங்களே?" என்றேன்.

அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு கட்டு கார்பன் நகல்களை எடுத்து வந்தார். வெளியூர் அணிகளின் சீருடைகளும் எங்கள் ஊர் லாண்டரிக்குத்தான் வரும். ஜூன் ஒன்பதாம் தேதி ஆட்டத்துக்கு மறுநாள் காலைச் சீட்டு: 'சாம்பல் சட்டை, எண் ஆறு. இடது மார்பு முதல் இடுப்பு வரை செம்மண். கால்சட்டை, இடது முட்டி, புல் கறை.' எண் ஆறு கல்பெப்பர். சீட்டு லூவீனியாவின் கையெழுத்து, ஆனால் லாண்டரியின் தேதி முத்திரையோடு. சாதாரண முயற்சியில் பிடித்திருக்க வேண்டிய பந்தை விட்டால்தான் பிழை என்கிறது விதிப்புத்தகம். நின்ற இடத்தில் பந்தை விட்டவன் சட்டையில் அரை ஆள் நீளத்துக்கு மண் ஒட்டாது.

ஆறு கடிதங்கள் எழுதினோம். டெல்பர்டின் பெயர் ஒன்றிலும் இல்லை. 'ஐயா, ஜூன் 9, மூன்றாவது ஆட்டச்சுற்றில் உங்கள் மேல் ஒரு பிழை எழுதப்பட்டது. நீங்கள் பாய்ந்து விழுந்து தடுக்க முயன்றீர்கள். மறுநாள் காலை உங்கள் சட்டை இருந்த நிலை கீழே. நீங்கள் செய்யாத பிழை உங்கள் பெயரில் இருப்பது முறையல்ல.' கீழே 'எல். பிக்கெட், பெல்ஹேவன்'. அவ்வளவுதான். பொய் ஒரு சொல் கிடையாது. முழுப் பெயரைப் போடலாமே என்று நான் இழுத்தேன். "லூவீனியான்னு பாத்தா ரெண்டாவது வரியப் படிக்க மாட்டான்" என்றார். எங்கள் ஊர்ப் பத்திரிகை வெள்ளைக்காரப் பெண்ணை 'திருமதி' போட்டு எழுதும். எங்கள் பெண்களைப் பெயரோடு நிறுத்திக்கொள்ளும். அதை அறிந்தவனுக்கு வாதாட என்ன இருக்கிறது?

இரண்டு வாரம் கழித்துக் கல்பெப்பரிடமிருந்து பதில் வந்தது. லூவீனியா அதைப் பெஞ்சுக்கே கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நான் வாசித்தேன்.

"அன்புள்ள திரு. பிக்கெட் அவர்களுக்கு..."

ஒடெஸா கடலைப் பையைக் கீழே வைத்தார். "யாருக்கு?"

"திரு. பிக்கெட். 'நீங்கள் அந்த லாண்டரியின் மேலாளராக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். உங்களைப் போன்ற கண்ணியமான மனிதர்' ன்னு போட்டிருக்கான்."

"அடியம்மா! மேனேஜரா! மிஸ் லூ, நாளைக்கு என் போர்வையச் சும்மா வெளுத்துக் குடுத்துருங்க சார்!"

பெஞ்சே குலுங்கியது. லூவீனியாவும் அன்று சிரித்தார், கண்ணில் நீர் வரும்படி. ஒரு வெள்ளையர் அவரை மரியாதையோடு விளித்தது அதுதான் முதல் தடவை. அந்த மரியாதையும் இல்லாத ஓர் ஆணுக்குப் போய்ச் சேர்ந்தது.

கடிதத்தோடு நன்றிக்கு அடையாளமாகச் சீசனின் கடைசி ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட்டும் வைத்திருந்தார் கல்பெப்பர். மட்டை பிடிப்பவருக்கு நேர் பின்னால், கூரைக்குக் கீழே, மூன்றாவது வரிசை. லூவீனியா கால் வைக்க முடியாத இருக்கை. அதை மடித்துத் தாள்களுக்கு நடுவே பக்க அடையாளமாக வைத்துக்கொண்டார். ஒன்பது வருடம் கழித்து அந்தக் கம்பி வலையைப் பிடுங்கி எறிந்த பிறகு, முன்வாசல் வழியாகப் போய் அதே மூன்றாவது வரிசையில் காசு கொடுத்து ஒரு நாள் உட்கார்ந்தார். மூன்று சுற்றுக்குப் பிறகு எழுந்து பழைய மூலைக்கு நடந்து வந்தார். "பலகை கண்ணு முன்னாடியே நிக்குது வாத்தியாரே. பலகைய நம்பி ஆட்டம் பாக்கிறவங்களுக்கு அது சரி." உரிமையோடு போனார், விருப்பத்தோடு திரும்பினார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்பது வருடப் போராட்டம் கிடக்கிறது. அதை யாரும் அவருக்குத் தானமாகக் கொடுக்கவில்லை.

நான் ஐம்பத்துமூன்றுக்குத் திரும்புகிறேன். ஆறு பேரில் ஐந்து பேர் லீக் அலுவலகத்துக்குப் புகார் எழுதினார்கள். ஐந்து ஊர்கள், ஒரே குறிப்பாளர், தேதியும் சுற்றும் சட்டைக் கறையும் தெளிவாக. ஐந்து வெள்ளையர் தம் நன்மைக்காகக் கேட்டபோது நியாயம் எத்தனை விரைவாக நடந்தது! ஒன்பது பிழைகளை நீக்க உத்தரவு வந்தது. பிழையை எடுத்தால் அந்த இடத்தில் ஹிட் எழுதித்தானே ஆக வேண்டும்? ஒன்பதும் ஒரே ஆளின் கணக்கில் போய் விழுந்தபோதுதான் டியூபோஸுக்கு விஷயம் விளங்கியிருக்கும். பத்திரிகையில் மிகச் சிறிய எழுத்தில் திருத்தம் போட்டார். ஆறாவது ஆள் பதில் எழுதவே இல்லை. அவர் தலையில் இருந்த இரண்டு அங்கேயே தங்கிவிட்டன.

கடைசி ஆட்டத்தன்று காலை டெல்பர்டின் கணக்கு இப்படி நின்றது: முந்நூற்றுத் தொண்ணூற்றாறு முறை மட்டை பிடித்து நூற்றுப் பதினேழு ஹிட். விகிதம் இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. அன்று நான்கு தடவை பிடிப்பார். மூன்று ஹிட் அடித்தால் நானூற்றுக்கு நூற்றிருபது. மிகச் சரியாக முந்நூறு. இரண்டு என்றால் பைன் காடு.

வந்திருந்த அணி கல்பெப்பருடையது.

பகல் இரண்டு மணி வெயில். நானூற்றைம்பது பேர் பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தோம். ஈரச் செய்தித்தாள் சுற்றிய தண்ணீர் ஜாடிகள் கைமாறின. முதல் முறை டெல்பர்ட் இடது மூலைச் சுவரில் போய் மோதும்படி அடித்தார். யாரும் கை வைக்க முடியாத அடி. ஒரு தட்டு. நாலாவது சுற்றில் பந்து எறியும் பிட்சரின் தலைக்கு மேலாக நேரே ஒன்று. ஒரு தட்டு. ஆறாவதில் உயரப் போன பந்தை நடுத்தடுப்பாளர் ஓடிப் பிடித்துவிட்டார்.

"ஏய் நடுவுல நிக்கிறவனே, ஒனக்கு வேற வேலையே இல்லையா?" என்று ஒடெஸா கத்தினார்.

எட்டாவது சுற்றில் டெல்பர்ட் நான்காம் முறையாக வந்தார். எங்கள் ஊர் ஏழு ஓட்டம் பின்னால் இருந்தது. எதிர்க்கோடி நிழலில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். எங்கள் பெஞ்சில் ஒருவர்கூட அசையவில்லை.

மட்டை சுழன்றது. பந்து தரையோடு தரையாக, ஷார்ட்ஸ்டாப்புக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே பாய்ந்தது. அதன் பிறகுதான் எங்களுக்கு 'டக்'. கல்பெப்பர் முழு நீளத்துக்கும் பாய்ந்து விழுந்தார். பந்து கையுறை நுனியில் பட்டு நின்றது. எழுந்தார், எறிந்தார். டெல்பர்ட் முதல் தளத்தை மிதித்து நாலடி தாண்டிய பிறகே பந்து போய்ச் சேர்ந்தது.

பெஞ்சு முழுவதும் எழுந்து நின்றது. கத்தவில்லை. இதே மாதிரிப் பந்துகளைத்தான் டியூபோஸ் சீசன் முழுக்கத் திருடினார்.

கல்பெப்பர் தம் இடத்துக்குத் திரும்பவில்லை. பத்திரிகையாளர் கூண்டைப் பார்த்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் சட்டையின் முன்புறத்தை விரித்துப் பிடித்தார். அந்தத் தூரத்திலும் எங்களுக்குத் தெரிந்தது, மார்பிலிருந்து இடுப்பு வரை செம்மண். டெல்பர்டுக்காக அவர் அப்படி நிற்கவில்லை. தம் பெயரில் இன்னொரு பிழை ஏறக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மேலே தகரக் கூண்டுக்குள் தொலைபேசி மணி அடித்தது. நின்றது. கேடோ ஏதோ முனகினான். எண் தகடு உரசிய ஒலி.

தட்.

நானூற்றைம்பது பேரும் இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தோம். அந்தச் சீசன் முழுக்க அந்த இரண்டாவது தட்டு வந்துகொண்டே இருந்ததே! பிட்சர் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது தட்டு வரவில்லை.

"கேடோ!" ஒடெஸா பெஞ்சின் மேல் ஏறி நின்று பலகையைப் பார்த்துக் கத்தினார். "இன்னொண்ணு இருக்கா? இருந்தா இப்பவே தட்டித் தொலைடா!"

"இல்ல!" கூண்டுக்குள்ளிருந்து குரல் எதிரொலித்தது. "ஒண்ணுதான்! ஒண்ணேதான்!"

அப்போது எழுந்த சத்தத்தைக் கேட்டு எதிர்க்கோடியில் எழுந்து போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டம் தோற்கும்போது இவர்கள் ஏன் இப்படிக் குதிக்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரிந்திருக்காது. அவர்கள் பலகையைப் பார்த்தார்கள், அதில் ஸ்கோர் மட்டும் இருந்தது.

நான் லூவீனியாவின் பக்கம் திரும்பினேன். "மிஸ் லூ! கேட்டீங்களா? நூத்தியிருபது! முந்நூறு!"

எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவரே. மடியில் அட்டை. எட்டாவது சுற்றின் கட்டத்தில் டெல்பர்டின் ஹிட் அழுத்தமாக எழுதப்பட்டிருந்தது. பென்சில் ஏற்கெனவே காதுக்குப் போய்விட்டது.

"அவன் மண்ணுல விழுந்தப்பவே எழுதிட்டேன்" என்றார். "ஒக்காருங்க வாத்தியாரே, அடுத்த ஆளு வந்துட்டான். மறைக்குது."